நடைபாதையில் உறங்கியோர்

கொலைஞன் ஒருவனைப் பற்றிய திரைப்படத்தைப் பார்த்து வருவோர் கொலைஞனைப் பற்றியே பேசுகின்றனர். அவனுடைய நடை, சிரிப்பு, கண்களின் வெறி, அவனாக வேடம் புனைந்த நடிகரின் ஆற்றல் ஆகியவற்றைச் சுற்றியே பேச்சு வளர்கின்றது. படம் அவனைப் பற்றியதுதானே, வேறு எதனைப் பேசுவது என்று கேட்கலாம். கொலைஞன் கற்பனைப் பாத்திரமாயின் இக்கேள்வி பொருந்தும். அவன் ஒரு குறித்த நகரத்தில், குறித்த ஆண்டுகளில் நடமாடியவன் என்னும்போது நிலைமை மாறிவிடுகின்றது. அவனாற் கொல்லப்பட்டோரும் அப்போது உண்மை மனிதராகி விடுகின்றனர். அவர்களுக்கு ஊர் இருந்தது, தொழில் இருந்தது, அன்றிரவு உண்ட உணவு இருந்தது. பார்வையாளரின் பேச்சில் அவர்கள் ஏன் இடம்பெறுவதில்லை? இதனைத் திரைக்கலை பற்றிய கேள்வியாக மட்டும் கொள்ளாது வரலாற்றுக் கேள்வியாகவும் எடுத்துக்கொண்டு பார்க்க விரும்புகிறேன்.

2016ஆம் ஆண்டு ஜூன் மாதம் வெளியான ‘ராமன் ராகவ் 2.0’ என்ற இந்திப் படத்தை வாசக அன்பர்களிற் பலர் பார்த்திருப்பர். முந்திய ஆண்டில் பெரும்பொருட் செலவில் எடுத்த ‘பொம்பே வெல்வெட்’ தோல்வி கண்ட பின்னர், நெறியாளர் அநுராக் கஷ்யப் மிகக் குறைந்த செலவில், ஏறக்குறைய இருபது நாட்களில் இதனைப் படமாக்கினார். கொலைஞனாக நவாசுதீன் சித்திக்கியும், போதைக்கு அடிமையான பொலிஸ் அதிகாரியாக விக்கி கௌஷலும் நடித்தனர். 1960களிற் பம்பாயில் வாழ்ந்த ராமன் ராகவ் என்ற தொடர்கொலைஞனைப் பற்றிய குறிப்போடு படம் தொடங்குகின்றது. உடனேயே, இப்படம் அவனைப் பற்றியதன்று எனவும் அறிவித்துவிடுகின்றது. இக்கால நகரத்தில் அவனை முன்மாதிரியாகக் கொண்ட ஒருவனைப் பற்றியதே கதை.

பெல்மதுளைக்கு இப்படம் கைத்தொலைபேசியின் வழியாகவே வந்து சேர்ந்தது. மாணவர் பார்க்கத்தக்க படமன்று. ஆயினும் உயர்தர வகுப்பிலுள்ள பிள்ளைகளிற் சிலர் எனக்கு முன்னரே பார்த்துவிட்டனர். இக்காலத்தில் எந்த ஆசிரியரும் காக்க முடியாத வாயில் அது. ஆசிரியர் அறையிலும், மாணிக்கக் குழியில் வேலை முடிந்து வருவோர் கூடும் தேநீர்க் கடையிலும், பள்ளிக்குப் பின் பேருந்துக்குக் காத்து நிற்கும் மாணவரிடையிலும் இப்படம் பற்றி நான் கேட்ட கருத்துகளைத் தொகுத்து நோக்கினால் அவை சில வகைகளுக்குள் அடங்கிவிடுவதைக் காணலாம். நடிப்பென்றால் இதுவன்றோ நடிப்பு என்றனர் பலர். இவனைப் போன்றோரை விசாரணையே இன்றித் தூக்கிலிட வேண்டும் என்றனர் சிலர். பெரியவர் ஒருவர், ஏதோ பிடித்தாட்டுகிறது, இல்லாவிட்டால் மனிதன் இப்படிச் செய்வானா என்றார். நம் அணியைச் சேர்ந்த நண்பரொருவர், முதலாளித்துவ சமுதாயம் பெற்றெடுத்த பிள்ளை அவன் என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

இவ்வகைகளுள் எதிலும் அடங்காத பேச்சொன்றை ஒரு மாணவியிடமிருந்து கேட்டேன். இறப்பர்த் தோட்ட லயமொன்றிலிருந்து வருபவள். படத்திற் கொலைஞன் தன் தமக்கையின் வீட்டுக்குச் சென்று, அவளையும் கணவனையும் சிறுவனையும் அடைத்து வைத்துக் கொல்லும் நீண்ட காட்சியொன்று உண்டு. பார்த்தோர் யாவரும் மறவாத காட்சி அது. அதனைக் குறித்து அவள் கேட்டாள்: “அவங்க வீட்டுக்குக் கதவு இருந்திச்சே சேர். பொறகு ஏன் தெறந்தாங்க?” தோழியர் சிரித்தனர். எனக்கு அது சிரிப்புக்குரியதாகத் தோன்றவில்லை. பம்பாயின் உண்மை ராமன் ராகவ் கொன்றவர்களிற் பெரும்பாலோர்க்குத் திறப்பதற்கோ பூட்டுவதற்கோ உறுதியான கதவு ஒன்று இருக்கவில்லை.

வரலாறு கூறுவது இதுவே. 1965, 1966ஆம் ஆண்டுகளிற் பம்பாயின் கிழக்குப் புறநகர்களில், பழைய ஜி.ஐ.பி. இரயில் பாதையை ஒட்டிய குடிசைகளிலும் திறந்த வெளிகளிலும் உறங்கிக்கொண்டிருந்த பத்தொன்பது பேர் இரவில் தாக்கப்பட்டனர். அவர்களுள் ஒன்பதுபேர் மாண்டனர். கனத்த கருவியொன்றால் தலையில் அடிப்பதே கொலைஞனின் முறை. அவ்வட்டாரத்தில் அலைந்து திரிந்த ஒருவன் பொலிஸாரிடம் அப்பொழுதே அகப்பட்டான். கொள்ளைக் குற்றத்துக்காக முன்னர் ஐந்தாண்டு சிறையிருந்தவன். போதிய சான்று கிட்டாமையால் அவன் விடப்பட்டான். இரண்டாண்டுகளின் பின், 1968இல், வடக்குப் புறநகர்களில் அதே முறையில் மீண்டும் கொலைகள் நிகழத் தொடங்கின. குற்றப்பிரிவின் பிரதிப் பொலிஸ் ஆணையாளராயிருந்த ராமகாந்த் குல்கர்ணி விசாரணையைப் பொறுப்பேற்றார். அவ்வாண்டு ஓகஸ்ட் 27ஆம் திகதி, அலெக்ஸ் பியாலோ என்ற துணை ஆய்வாளர் தெருவிற் சென்ற ஒருவனை அடையாளங்கண்டு தடுத்து நிறுத்தினார். அவன்தான் ராமன் ராகவ்.

பிடிபட்டபோது அவனிடமிருந்த பொருள்களின் பட்டியலை வரலாற்று மாணவர் எவரும் அலட்சியம் செய்தல் கூடாது. ஒரு மூக்குக்கண்ணாடி, இரண்டு சீப்பு, ஒரு கத்தரிக்கோல், ஊதுவத்தி ஏற்றும் தாங்கி, சவர்க்காரம், வெள்ளைப்பூண்டு, தேயிலைத் தூள், ஏதோ கணக்குகள் எழுதிய இரண்டு தாள்கள். கொள்ளையன் ஒருவனின் புதையலா இது? நகரத்தின் மிக வறிய மனிதர்களின் மொத்த உடைமையிலிருந்து எடுக்கக்கூடியது இவ்வளவுதான். வரலாற்றாசிரியர் அரண்மனைப் பொருட்களின் பட்டியலைக் கொண்டு அரசர் வாழ்க்கையை எழுதுவர். கொலைஞனின் கையிலிருந்த இப்பட்டியலைக் கொண்டு நடைபாதை மக்களின் வாழ்க்கையை ஓரளவு எழுதிவிடலாம். அந்தத் தேயிலைத் தூளைப் பற்றி எனக்கு ஒரு தனி நினைவு எழுகின்றது. தோட்டப் பள்ளியில் ஆசிரியனாயிருப்பவனுக்கு எழாமலிருக்க முடியாது.

அவனுக்குப் பல பெயர்கள் வழங்கின. சிந்தி தல்வாய் என்றும், வேலுச்சாமி என்றும், அண்ணா என்றும், தம்பி என்றும் பொலிஸ் குறிப்புகள் கூறுகின்றன. கடைசி இரண்டும் பெயர்களல்ல; நாம் நாள்தோறும் வழங்கும் உறவுமுறைச் சொற்கள். வடநாட்டு நகரத்தில் ஊர்ப்பெயரும் தந்தை பெயரும் உதிர்ந்துபோன ஒரு தமிழ்த் தொழிலாளிக்கு எஞ்சும் பெயர் ‘அண்ணா’ என்பதே. பிறர் அவனை அழைக்கும் சொல்லே பெயராகி, பின்னர் பொலிஸ் ஏட்டில் மாற்றுப்பெயராகவும் ஏறிவிடுகின்றது. அக்காலத்தில் தாராவியின் தோற் பதனிடும் கொட்டில்களிலும் பிற தொழில்களிலும் திருநெல்வேலிச் சீமையிலிருந்து சென்ற மக்கள் பல்லாயிரவர் உழைத்து வந்தனர். நம் முன்னோரைக் கங்காணிமார் இலங்கையின் கோப்பி, தேயிலை, இறப்பர்த் தோட்டங்களுக்கு அழைத்து வந்ததும் திருச்சி, மதுரை, இராமநாதபுரம், சேலம், திருநெல்வேலி முதலிய அதே வறண்ட சீமைகளிலிருந்துதான். பஞ்சம் ஒரே ஊரிலிருந்து ஒருவனைத் தாராவிக்கும் மற்றொருவனைப் பெல்மதுளைக்கும் அனுப்பிற்று.

1968 என்ற ஆண்டு இவ்விரு கிளைகளுக்கும் நல்ல ஆண்டாக அமையவில்லை. பம்பாயில் 1966 ஜூனிற் தொடங்கப்பெற்ற சிவசேனை, தென்னாட்டார் தம் வேலைகளைப் பறிக்கின்றனர் என்று முழங்கிக்கொண்டிருந்தது. இலங்கையில், 1964 ஒக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் கைச்சாத்திட்ட ஒப்பந்தம் 1967இற் சட்டமாகி, அடுத்த ஆண்டில் விண்ணப்பங்கள் கோரப்பட்டன. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்ற கணக்கின்படி லயத்து மக்கள் தாம் எந்நாட்டவர் என்று தாளில் எழுதிக் கொடுக்க வேண்டியவராயினர். அதே ஆண்டிற் தமிழ்நாட்டரசு, திரும்பி வருவோர்க்கென நீலகிரியிற் தேயிலைத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கிற்று. எங்கே உறங்குவது என்பதைத் தானே முடிவுசெய்யும் உரிமை இம்மக்களுள் எவர்க்கும் இருக்கவில்லை.

1968 ஓகஸ்டிற் பம்பாய் முழுவதையும் அச்சம் பிடித்துக்கொண்டது. கொலைஞன் பூனையாக மாறுவான், கிளியாக மாறுவான் என வதந்திகள் பரவின. தெருக்களில் இளைஞர் தடியேந்தி இரவுக் காவல் புரிந்தனர். ஆதரவற்ற பிச்சைக்காரர், அலைந்து திரிவோர் சிலர் கொலைஞனென ஐயுறப்பட்டு அடிபட்டனர். கொலையுண்டோரும் வறியவர், கொலைஞன் என்று அடிபட்டோரும் வறியவர். ஈராண்டுகளுக்கு முன் ஒன்பதுபேர் இறந்தபோது இத்தகைய அச்சம் நகரைப் பிடிக்கவில்லை. இரயில் பாதையோரத்தில் நிகழும்வரை அது பொலிஸ் செய்தி. நகரத்தின் பிற பகுதிகளுக்கும் வரக்கூடும் என்ற எண்ணம் தோன்றிய பின்னரே அது நகரத்தின் பேரச்சமாயிற்று.

கைதான பின் அவன் பல நாள் வாய்திறக்கவில்லை. கோழிக்கறி உணவு தந்த பிறகே பேசினான் என்பது யாவரும் அறிந்த கதை. அதன்பின் தலைக்கெண்ணெயும் சீப்பும் கண்ணாடியும் கேட்டானாம். பின்னர்த் தானே பொலிஸாரை அழைத்துச் சென்று இடங்களைக் காட்டினான். நாற்பதுக்கு மேற்பட்டோரைக் கொன்றதாக அவன் சொன்னான் எனக் கூறப்படுகின்றது. வழக்கு நடந்ததோ மலாட் பகுதியிலுள்ள சிஞ்சவலிக் கிராமத்தில் ஓகஸ்ட் 25ஆம் திகதி இரவில் உறங்கிக்கொண்டிருந்த இருவரின் கொலைக்காக. எஞ்சியோர் எண்ணிக்கையாகவே நின்றுவிட்டனர். இருபத்துமூன்று என்றும் நாற்பத்தொன்று என்றும் எழுதுவோர் எழுதுகின்றனர். எண்ணைக் கூட்டினாலும் குறைத்தாலும் கேட்க ஒருவர் வரமாட்டார் என்ற துணிவு அவ்வெழுத்துகளில் தெரிகின்றது.

அமர்வு நீதிமன்றம் மரணதண்டனை விதித்தது. அவன் மேன்முறையீடு செய்யவில்லை. ஆயினும் தண்டனையை உறுதிப்படுத்துமுன் பம்பாய் உயர் நீதிமன்றம் மூன்று மனநோய் மருத்துவர் கொண்ட குழுவொன்றை அமைக்கச் செய்தது. அவர்கள் அவனை ஐந்து முறை கண்டு உரையாடினர். தனக்கெதிராக ஓர் உலகமே சதி செய்கின்றது, தன்னைப் பெண்ணாக மாற்ற முயல்கின்றது என அவன் உறுதியாக நம்பினான். உலகங்கள் இரண்டு; ஒன்று ‘கானூன்’, அதாவது சட்டத்தின் உலகம், மற்றது இந்தத் தீய உலகம்; தான் சட்டத்தின் பிரதிநிதி. இறுதிச் சந்திப்பில் மருத்துவர் கைகொடுக்க முனைந்தபோது, இத்தீய உலகத்தைச் சேர்ந்தோரைத் தீண்டமாட்டேன் என மறுத்தான். நாட்பட்ட மனச்சிதைவு நோய், தீராதது என்று குழு முடிவுசெய்தது. தண்டனை ஆயுட்சிறையாகக் குறைக்கப்பட்டது. 1995இற் பூனாவின் சசூன் மருத்துவமனையிற் சிறுநீரக நோயால் அவன் இறந்தான்.

இனி, சமுதாயம் பெற்றெடுத்த பிள்ளை அவன் என்ற நண்பரின் கருத்தை எடுத்துக்கொள்வோம். நம்மவர் பலர் விரும்பிச் சொல்லும் கருத்து இது; நான் இதனை ஏற்கவில்லை. அவனோடு அதே நடைபாதையில், அதே பசியோடு, அதே மழையில் இலட்சக்கணக்கானோர் வாழ்ந்தனர். அவர்கள் எவரையும் கொல்லவில்லை. காலையில் எழுந்து மூட்டை சுமக்கவும், ஆலைக்குச் செல்லவும், பாத்திரம் துலக்கவும் சென்றனர். வறுமை கொலைஞரை உண்டாக்குகின்றது என்பது, ஆராய்ந்து பார்த்தால், வறியோர்மீது சாட்டப்படும் பழைய பழியே. மேட்டுக்குடியினர் வெறுப்போடு சொல்வதை நாம் இரக்கத்தோடு சொல்கின்றோம் என்பதே வேறுபாடு. அவனுடைய நோய்க்கு மருத்துவம் வேறு பெயர் தருகின்றது. வறுமை செய்தது வேறொன்று. நோயுற்ற ஒருவன் கையிற் கருவியோடு வரும்போது, நூற்றுக்கணக்கான மனிதரை அவன் எட்டும் தூரத்தில் வெட்டவெளியிற் கண்மூடிக் கிடக்கச் செய்தது வறுமைதான். வறுமை வரைந்த அட்டவணையில் கொலையுண்டோரின் பெயர்கள் முன்னரே எழுதப்பட்டிருந்தன.

இதனை நன்குணர்ந்து ஒரு பழைய படம் எடுக்கப்பட்டிருக்கின்றது. 1931 மே மாதம் பெர்லினில் வெளியான பிரிட்ஸ் லாங்கின் ‘எம்’. டியூசல்டோர்ப் நகரின் கொலைஞன் பீட்டர் கூர்ட்டனின் வழக்கு ஜெர்மனியைக் கலக்கிக்கொண்டிருந்த காலம் அது. கூர்ட்டன் அவ்வாண்டு ஜூலை மாதந்தான் சிரச்சேதம் செய்யப்பட்டான். லாங்கின் படம் கொலைஞனோடு தொடங்கவில்லை. துணி துவைத்துப் பிழைக்கும் ஒரு தாய் பள்ளிவிட்டு வரவேண்டிய மகளுக்காக மேசையில் உணவுத் தட்டு வைத்துக் காத்திருக்கின்றாள். மணி அடிக்கின்றது. மாடிப்படி வெறிச்சோடிக் கிடக்கின்றது. ஒரு பந்து புல்லில் உருண்டு நிற்கின்றது. ஊதற்பந்து ஒன்று தந்திக் கம்பியிற் சிக்கி அசைகின்றது. கொலையை நாம் காண்பதில்லை. காலியான தட்டைக் காண்கின்றோம். அப்படம் பார்த்தோர் நெஞ்சிற் கொலைஞனாக நடித்த பீட்டர் லோரியின் முகமும் நிற்கின்றது. ஆனால் அதற்கு முன்பே அந்தத் தட்டு நின்றுவிடுகின்றது.

பார்வையாளரை மட்டும் நொந்து பயனில்லை என்பது இதனாற் புலப்படும். எதைக் காட்டினார்களோ அதைப் பற்றியே பேசுகின்றனர். கஷ்யப்பின் படம் திறமையற்றதன்று. சீருடை அணிந்த கொலைஞனுக்கும் அணியாத கொலைஞனுக்கும் வேறுபாடு என்ன என்று அது கேட்கும் கேள்வி கூர்மையானதே. எனினும் அதன் மையக் கொலையைக் கதவுள்ள ஒரு வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தது தற்செயலன்று. படமாளிகைக்கு வருவோர் கதவுள்ளோர். வீட்டுக்குள் நுழைந்துவிட்டான் என்றாலே அவர்கள் நடுங்குவர். இரயில் பாதையோரத்துத் திறந்தவெளி அவர்களுக்கு வெறும் பின்னணி. செலவு குறைந்த படங்களின் பொருளாதாரமும் இதனோடு சேர்ந்துகொள்கின்றது. அரங்கம் அமைக்கப் பணமில்லாவிடத்து ஏழையின் குடியிருப்பே அரங்கமாகின்றது. அந்த ஈரச் சுவரும் தகரக் கூரையும் படத்துக்கு உண்மைத்தன்மை வழங்குகின்றன. சுவரும் கூரையும் நடிக்கின்றன. அவற்றினுள் வாழ்வோர் நடிப்பதில்லை.

இதே வழக்கை வைத்து 1991இல் ஸ்ரீராம் ராகவன் ஒளிநாடாவில் எடுத்த படமொன்றும் உண்டு. ஏறக்குறைய எழுபது நிமிடம். ரகுவீர் யாதவ் கொலைஞனாக நடித்தார். படமாளிகைகளுக்கு அது வரவேயில்லை. கையிலிருந்து கைக்கு மாறியே அறியப்பட்டது. விவரணப் பாணியைத் தழுவிய அப்படத்தைப் பார்த்துத்தான் கஷ்யப்புக்கும் இப்பொருளில் ஈடுபாடு ஏற்பட்டது என்பர். இரண்டையும் பார்த்தவர்கள் பழையதே மேலானது எனப் பெரும்பாலும் சொல்கின்றனர். நானும் அவ்வாறே எண்ணுகிறேன்.

தமிழ்நாட்டிலும் இத்தகைய படமொன்று வேறுவகைச் சிக்கலை எழுப்பிற்று. சென்னையின் திருவான்மியூர்ப் பகுதியில் 1987, 1988ஆம் ஆண்டுகளில் நடந்த ஆறு கொலைகளுக்காக ஆட்டோ சங்கர் என அறியப்பட்டவன் கைதானான். அவ்வழக்கைத் தழுவிய ‘புலன் விசாரணை’ 1990 பொங்கலுக்கு வெளிவந்து பெருவெற்றி பெற்றது. செங்கல்பட்டு நீதிமன்றமோ 1991 மே மாதந்தான் தீர்ப்பளித்தது. நீதிபதிக்கு ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு முந்தியே பார்வையாளர் தீர்ப்பு வழங்கிவிட்டனர், அதுவும் கதாநாயகனின் கைவீச்சைக் கண்டு கைதட்டியபடி. அவன் சிறையிலிருந்து எழுதியதாகச் சொல்லப்பட்ட வரலாற்றை ‘நக்கீரன்’ வெளியிட முனைந்தபோது அதிகாரிகள் தடுக்க முயன்றனர். அதிகாரிகளோடு அவனுக்கிருந்த தொடர்புகள் அதில் வெளிப்படுமென்பதே அவர்தம் கவலை. 1994 ஒக்டோபரில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, அவ்வாறு முன்கூட்டியே தடைசெய்ய அரசுக்கு அதிகாரமில்லை என்றது. 1995இற் சேலம் சிறையில் அவன் தூக்கிலிடப்பட்டான். அதிகாரிகள் எந்தப் பகுதியை மறைக்க விரும்பினரோ அதுவே வரலாற்றுக்கு வேண்டிய பகுதி.

இலண்டன் வைற்சப்பலில் 1888இல் ஐந்து பெண்களைக் கொன்றவன் யாரென ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நூல்கள் எழுதப்பட்டு வந்தன. 2019இல் ஹேலி ரூபன்ஹோல்ட் என்ற வரலாற்றாசிரியர் அக்கேள்வியைத் தொடாமலே ஒரு நூல் எழுதினார். அந்த ஐந்து பெண்கள் எங்கே பிறந்தனர், யாரை மணந்தனர், எவ்வாறு வீடிழந்தனர் என்பதே அவர் தேடியது. அவர்களை விலைமாதர் என ஒட்டுமொத்தமாகக் குறித்த வழக்குக்கு ஐவருட் பலரைப் பொறுத்தவரை சான்றில்லை என்றும், அறைக்கு வாடகைக் காசில்லாமல் தெருவில் உறங்கிக்கிடந்தபோது அவர்களுட் பலர் கொல்லப்பட்டிருக்கலாம் என்றும் அவர் வாதிட்டார். கொலைஞனைத் தேடிய அளவற்ற பக்கங்கள் வெளிக்கொணராத இலண்டன் ஒன்று இதனால் வெளிப்பட்டது. பம்பாயின் இறந்தோருக்கு இத்தகைய நூலொன்றை ஒருவர் எழுதப் புகுந்தால் மருத்துவமனை ஏடுகளிலும் பொலிஸ் நிலைய நாட்குறிப்புகளிலும் இரயில்வே நிலப் பதிவுகளிலும் தேட வேண்டியிருக்கும். நடைபாதை மக்களைப் பற்றி நகரத்தில் கணக்கெடுப்பொன்று 1985இல் நடந்தது. அதற்கு ‘நாங்கள், கண்ணுக்குத் தெரியாதோர்’ என்ற பொருள்படத் தலைப்பிட்டிருந்தனர். அதே ஆண்டு ஜூலையில் இந்திய உச்ச நீதிமன்றம், பிழைப்புரிமை உயிர்வாழும் உரிமையின் பகுதி என ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்டவாறே நடைபாதைக் குடிசைகளை அகற்ற மாநகராட்சிக்கு அதிகாரமுண்டு என்றும் தீர்த்தது. தன்னைச் சட்டத்தின் பிரதிநிதியெனக் கருதிய பித்தன் ஒருபுறமிருக்க, தெருவில் உறங்குவோரிடம் இரவில் தடியோடு வருவது எப்போதும் சட்டத்தின் ஏதோவொரு பிரதிநிதிதான்.

இவையெல்லாம் பம்பாயிலும் இலண்டனிலும் நிகழ்ந்தவை, நமக்கென்ன என்று எண்ண வேண்டா. பெல்மதுளையிலிருந்து காவத்தை எவ்வளவு தொலைவு என்பதை இங்குள்ளோர் அறிவர். காவத்தையை அடுத்த கொடகெத்தனப் பகுதியில் 2008 முதற் சில ஆண்டுகளிற் பத்துக்கு மேற்பட்ட பெண்கள் ஒருவர்பின் ஒருவராகக் கொல்லப்பட்டனர். அவர்களுட் பலர் வயது முதிர்ந்தவர்கள். அப்பொழுதும் நாம் பேசியது கொலைஞனைப் பற்றியே. 2011 ஓகஸ்டில் ‘கிறீஸ் பூதம்’ என்ற வதந்தி இம்மாவட்டத்திலிருந்து மலையகமெங்கும், கிழக்கு மாகாணம் வரையும் பரவிற்று. உடலெங்கும் எண்ணெய் பூசியவன் வருகின்றான், சுவரேறுகின்றான், பிடித்தால் வழுவிவிடுகின்றான் என்றனர். லயங்களில் ஆடவர் கத்தியும் தடியுமாக விழித்திருந்தனர். வழிப்போக்கர் சிலர் பூதமென்று தாக்கப்பட்டனர். பம்பாயின் பூனையும் கிளியும் இங்கே பூதமாகிவிட்டன. இறந்த பெண்களின் பெயர்களை இரண்டாவதாகச் சொல்லக்கூடியவர் அக்கிராமத்துக்கு வெளியே எத்தனைபேர்?

லயத்தைப் பொறுத்தவரை இரவு விழிப்பு புதிதன்று. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் மூன்று தலைமுறை உறங்குவதற்கு உறுதியான கதவு பல தோட்டங்களில் மிகப் பிந்தியே வந்தது. 1981 ஓகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டங்கள் தாக்கப்பட்டபோது, காவத்தையிலும் இறக்குவானையிலும் மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இரவிற் காட்டுக்குள்ளும் இறப்பர் மரங்களுக்கிடையிலும் ஒளிந்தனர். அவ்விரவுகளைப் பற்றி எடுக்கப்படும் படத்தில் தாக்கியவன் முகம் எவ்வாறிருக்கும் என்பதைப் பற்றி எனக்கு ஆர்வமில்லை. குழந்தை அழாதிருக்கத் தாய் என்ன செய்தாள் என்பதே நான் அறிய விரும்புவது.

அம்மாணவியின் கேள்விக்கு நான் அன்று சொன்ன விடை, படத்தில் கதவு தேவைப்பட்டது என்பதே. அவள் அதில் நிறைவடையவில்லை. வரலாற்று வகுப்பில் ராமன் ராகவ் வழக்கையும் அவனுடைய பையிலிருந்த பொருள்களின் பட்டியலையும் பின்னர் விளக்கினேன். தேயிலைத் தூள் என்ற இடத்தில் வகுப்பு அமைதியாயிற்று. இத்தவணை விடுமுறையில் தத்தம் லயத்து மூத்தோரிடம், 1981இலும் 2011இலும் அவர்கள் எங்கே உறங்கினர், யார் விழித்திருந்தனர், கதவுக்கு எதை முட்டுக்கொடுத்தனர் என்பனவற்றைக் கேட்டு எழுதி வர ஐந்து பிள்ளைகள் முன்வந்திருக்கின்றனர். இதழில் வெளியிடுவதற்கன்று, பாடசாலை நூலகத்தில் ஒரு கொப்பியாக வைப்பதற்கு. கதவைப் பற்றிக் கேட்டவள் அவ்வைவரில் இல்லை. தன் பாட்டி அந்த இரவுகளைப் பற்றிப் பேச விரும்புவதில்லை என்றாள். நான் வற்புறுத்தவில்லை.